விழ வேண்டிய நேரத்தில் விழுவது

வீடு எரிந்த செய்தியின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தீயணைப்பு வீரர்கள் போராடி அணைத்தார்கள்; சேத மதிப்பு இன்னும் கணக்கிடப்படவில்லை; மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அதோடு செய்தி முடிகிறது. பல நேரங்களில் விசாரணையும் முடிந்துவிடுகிறது. மின்கசிவைக் கைது செய்ய முடியாது. அதன் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. எல்லோருக்கும் வசதியான குற்றவாளி அது.

வீட்டு மின்சாரத்தில் நேரும் கோளாறுகளோ முக்கியமாக மூன்று வகை. ஒயர் தாங்குவதற்கு மேல் லோடு ஏறுவது முதல் வகை. ஃபேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் இரண்டாவது. ஃபேஸில் போன மின்சாரத்தில் ஒரு பங்கு நியூட்ரலில் திரும்பாமல், ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்கு இறங்குவது மூன்றாவது. கசிவு இது மட்டும்தான். மூன்றுக்கும் காப்பு உண்டு. எந்தக் காப்பு இருந்தது, எது இல்லை, இருந்தது ஏன் வேலை செய்யவில்லை என்று தொடர்ந்து கேட்டால், விசாரணை ஒரு எலெக்ட்ரிக்கல் கடையின் கவுன்ட்டரில் வந்து நிற்கும். அங்கே சில வருடங்களுக்கு முன் ஒருவர் சர்க்யூட் பிரேக்கர் வாங்கியிருப்பார். எந்த ஊரானாலும் அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும்:

"அண்ணே, ஹால் லைட் லைன் அடிக்கடி ட்ரிப் ஆகுது."

"இப்ப என்ன போட்டிருக்கு?"

"ஆறு ஆம்ஸ்."

"ஆறெல்லாம் பத்தாது தம்பி. முப்பத்திரண்டு எடுத்துட்டுப் போ. அப்புறம் விழவே விழாது."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது விழவே விழாது.

எம்.சி.பி. எனப்படும் அந்தச் சின்னப் பெட்டி பல்பைக் காப்பாற்ற வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆளைக் காப்பாற்ற வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது சுவருக்குள் கிடக்கும் ஒயரை. மின்சாரம் ஓடினால் ஒயர் சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரை நெடுநாள் தாங்கும்படி செய்யப்பட்டது. சுவருக்குள் குழாயில் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பதித்திருக்கும் விதத்தைப் பொறுத்து 13 முதல் 16 ஆம்பியர் வரை அந்தச் சூட்டுக்குள் சுமக்கும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் அதிலும் குறைவு. நம் வீடுகளின் விளக்கு லைன்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆகவே பிரேக்கரைத் தேர்ந்தெடுக்கும் விதி எளியது: லைனில் ஓடக்கூடிய லோடை விடப் பெரியதாகவும், ஒயர் தாங்குவதை விடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். லோடை எல்லோரும் பார்க்கிறார்கள், அது கண்ணெதிரே எரிகிறது. பூச்சுக்குள் மறைந்துபோன ஒயரை வீடு கட்டிய ஆண்டோடு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மின்சாரக் காப்பின் கதையே விளக்கிலிருந்துதான் தொடங்கியது. மின்விளக்குகளுக்கான காப்புக் கம்பிக்கு எடிசன் 1880இல் காப்புரிமை பெற்றார்: அளவு மீறினால் ஒரு துண்டு தன்னையே உருக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். உருகியதை மாற்ற வேண்டிய தொல்லையைத் தீர்த்தது ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம். விழுந்தால் மறுபடி தூக்கிவிடக்கூடிய சிறு பிரேக்கருக்கு அது 1924இல் காப்புரிமை எடுத்தது. இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஆயுள் முடிந்த ஒரு எம்.சி.பி.யின் ரிவெட்டைத் துளைத்துப் பிளந்து பார்த்தால் உள்ளே இரண்டு காவல் தெரியும். இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. லோடு மீறினால் மெதுவாகச் சூடேறி, வளைந்து, கொக்கியைத் தட்டிவிடும். பக்கத்தில் நாலைந்து சுற்றுச் செம்புக் கம்பி; ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் முன்பே காந்தமாகி அதே கொக்கியை இழுக்கும். மூலையில் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிய எஃகுத் தகடுகள். தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறியைத் துண்டுதுண்டாக்கி அணைப்பது அவற்றின் வேலை. அந்தத் தகடுகளில் கரி படிந்திருந்தால், அந்த வீட்டில் என்றோ ஒருநாள் ஏதோ ஒன்று நடக்கவிருந்தது, நடக்கவில்லை என்று பொருள். வீட்டுக்காரருக்கு நினைவிருப்பதெல்லாம் அன்றைக்கு ஐந்து நிமிடம் கரண்ட் போனது மட்டுமே.

இந்தியத் தரமும் ஏற்றுக்கொண்ட ஐ.இ.சி. 60898 தரத்தின்படி, ஒரு எம்.சி.பி. தன் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விழாமல் சுமக்க வேண்டும், 1.45 மடங்கானால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 6 ஆம்பியருக்கு இந்த எண்கள் 6.8, 8.7. முப்பத்திரண்டுக்கு 36, 46. பதினைந்து ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்ட வீட்டில், 36 ஆம்பியர் ஓடி ஒயரின் உறை உருகிக்கொண்டிருக்கும்போது பிரேக்கர் விழாமல் நிற்பது பழுதினால் அல்ல. தரக்கட்டுப்பாட்டுச் சான்று அதனிடம் என்ன கேட்டதோ அதையே அது செய்கிறது. வீடு எரிந்த பிறகு அதை எடுத்துச் சோதித்தால் தேர்ச்சி பெறும்.

ஷார்ட் ஆகும்போதும் கதை இதுதான். மீட்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கடைசி அறையில், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரின் நுனியில் ஷார்ட் ஆவதாக வைத்துக்கொள்வோம். போகவும் வரவுமான ஒயரின் தடையும் தெருவிலிருந்து வரும் லைனின் தடையும் சேர்ந்து மின்னோட்டத்தை 200 ஆம்பியருக்குள் கட்டிவிடலாம். சி வகை (எழுதிய எண்ணைப் போல் பத்து மடங்குக்குள் உடனே விழும் வகை) 6 ஆம்பியர் எம்.சி.பி. 60 ஆம்பியரிலேயே உடனடியாக விழுந்தாக வேண்டும். சி வகை 32 ஆம்பியருக்கோ 320 வரும் வரை அந்தக் கட்டாயம் கிடையாது. அதன் பட்டை சூடேறி வளையச் சில நொடிகள் ஆகலாம். அந்த ஒயரின் உறை ஒரு நொடிக்குள் தன் எல்லையைத் தாண்டிவிடும்.

விளக்கு லைனுக்கு எவ்வளவுதான் வேண்டும்? வீட்டு ஒயரிங்குக்கான இந்திய நடைமுறை விதி, ஐ.எஸ். 732இன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு விளக்கு லைனில் பத்துப் பாயின்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ கூடாது என்றது. 230 வோல்ட்டில் 800 வாட் என்பது மூன்றரை ஆம்பியர். குண்டு பல்பும் சோக்கு வைத்த டியூப் லைட்டும் எரிந்த காலத்துக் கணக்கு அது. இன்று பத்துப் பாயின்டிலும் 9 வாட் எல்.இ.டி. மாட்டினால் மொத்தம் 90 வாட். ஒரு ஆம்பியரைக்கூடத் தொடாது. விளக்குகள் குடிப்பது இப்படிக் குறைந்துகொண்டே வந்த அதே வருடங்களில், விளக்கு லைனுக்கு வாங்கும் பிரேக்கரின் எண் ஏறிக்கொண்டே போனது.

ஏறியதற்குக் காரணம் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயின்ட். சிலிண்டர் தீர்ந்த நாளில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மாற்று பிளக் ஒன்றைப் போட்டு ஹாலில் சொருகுகிறார்கள். 2,000 வாட் என்பது 8.7 ஆம்பியர், அதாவது 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டிய துல்லியமான அளவு. சாம்பார் கொதித்து வரும் நேரத்தில் அது கடமையைச் செய்யும். வீட்டில் உள்ளவர்கள் அடுப்பைச் சந்தேகிக்க மாட்டார்கள், அது விலை கொடுத்து வாங்கியது. பிளக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள், அது பொருந்துகிறது. சந்தேகம் முழுவதும் பிரேக்கர் மேல் விழும்: "இது வீக்கா இருக்கு, மாத்தணும்."

புகாரில் நியாயம் உள்ள இடமும் உண்டு. எல்.இ.டி. டிரைவரின் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர், சுவிட்சைப் போட்ட கணத்தில் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம் பெருமின்னோட்டத்தை உறிஞ்சும். இருபது டிரைவர்கள் ஒரே சுவிட்சில் இருந்தால், மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் உடனே விழும் பி வகை எம்.சி.பி. காரணமில்லாமல் விழக்கூடும். ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும் சி வகை இதைத் தாங்கும். ஆம்பியர் அதே ஆறுதான். மாற்ற வேண்டியது எழுத்தை. நாம் மாற்றுவது எண்ணை. சித்திரை வெயிலில் மட்டும் விழுகிறது என்ற புகாரும் இப்படிப்பட்டதே. எம்.சி.பி.யின் கணக்கு 30 டிகிரி வெப்பத்தை வைத்துப் போடப்பட்டது. மொட்டை மாடிப் படிக்கட்டின் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் அது சற்று முன்னதாகவே விழும். அதே வெயிலில் ஒயரின் தாங்கும் சக்தியும் குறைந்திருக்கும் என்பதால், அந்த அவசரத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போது 12 வோல்ட்டுக்கு வருவோம். ஃபால்ஸ் சீலிங் விளிம்பில் ஓடும் ஸ்ட்ரிப் லைட், பூஜை அறையின் அலங்கார விளக்கு, தோட்டத்துக் குட்டி விளக்கு எல்லாம் இன்று 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது. எனவே ஆபத்து இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர், வோல்ட் அன்று. 60 வாட் விளக்குக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். அந்த 5 ஆம்பியரை 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 மீட்டர் கொண்டுபோனால் வழியிலேயே 1.2 வோல்ட் போய்விடும், வந்ததில் பத்தில் ஒரு பங்கு. விளக்கு மங்கும். மங்குகிறதே என்று, 230 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பெரிதாக்குவார்கள், ஒயர் மட்டும் மாறாது.

ஒரு நடு அளவு வீட்டின் ஹாலுக்கு 12 வோல்ட், 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பரணில் வைத்து, அதிலிருந்து ஆறு கிளைகளை ரிப்பன் மாதிரி மெல்லிய ஒயரில் இழுப்பது இன்றைய வழக்கம். ஒரு கிளையில் ஒயர் நசுங்கி 25 ஆம்பியர் ஓடத் தொடங்குகிறது என்று வையுங்கள். 30 ஆம்பியர் தரப் பிறந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது சாதாரண வேலை. 230 வோல்ட் பக்கம் அதற்காக இழுக்கப்படுவது ஒன்றரை ஆம்பியர் அளவுதான். அங்கே உட்கார்ந்திருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒன்றுமே தெரியாது. ஜிப்சம் போர்டுக்கும் கூரைக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாத இடத்தில், மெல்லிய ஒயர் செந்தணலாகும். வாசலில் காவல்காரரை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறச் சுவரை இடித்துப்போட்ட மாதிரி. எஸ்.எம்.பி.எஸ்.ஸை விட்டு வெளியேறும் இடத்திலேயே ஒவ்வொரு கிளைக்கும் அதன் ஒயருக்கேற்ற ஒரு சிறு ஃபியூஸ், 3 ஆம்பியரோ 5 ஆம்பியரோ, இருக்க வேண்டும். பத்து, இருபது ரூபாய்ச் சமாச்சாரம். அலங்கார பட்ஜெட்டில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

பேட்டரி இன்னும் முரடானது. தமிழ்நாட்டில் 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து வைத்தது. அதன் அடியில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் இணைத்துவிட்டால் ஓடக்கூடியது ஆயிரம் ஆம்பியருக்கு மேல். அங்கே ஃபியூஸ் பிளஸ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் உள்ள ஒயர் அநாதை. சோலார் வைத்து நேர்மின்சாரத்தில் விளக்கெரிப்பவர்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. நமக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு தடவை சுழியத்தைத் தொட்டுப் போகும். பிரேக்கரின் தீப்பொறி அணைவது அந்தச் சுழியத்தில்தான். நேர்மின்சாரத்துக்கு அப்படி ஒரு சுழியம் இல்லை. வோல்ட் ஏற ஏற, சாதாரண எம்.சி.பி.க்குள் பொறி அணையாமல் நின்று எரிய வாய்ப்பு கூடும். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் 48 வோல்ட் நேர்மின்சார அமைப்பை உருவாக்கி, அது ராஜஸ்தானின் பாலைவன வீடுகள் வரை போனது. 12 வோல்ட்டில் ஒயர் விழுங்கும் இழப்பும் இல்லாமல், 230 வோல்ட்டின் உயிராபத்தும் இல்லாமல் இருக்கத் தேர்ந்த நடுவழி அது. அத்தகைய லைனுக்கு டி.சி. என்று எழுதிய பிரேக்கரே வேண்டும். கையில் கிடைத்த ஏ.சி. எம்.சி.பி. பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், விலையும் குறைவு.

எல்லாவற்றையும் விடக் கனமான தவறான நம்பிக்கை, எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றும் என்பது. ஈரமான உடம்பின் தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் தொட்டவர் வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர். உயிர் போக இது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில் இது ஐம்பது சொச்சம் வாட். அது அந்த மனிதரை எரிந்துகொண்டிருக்கும் ஒரு பல்பாகவே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு மின்சாரம் வரை ஒருவரால் பிடித்த கம்பியை விட முடியும் என்பதை முன்வந்த ஆட்களிடமே அளந்து பார்த்த கலிஃபோர்னியாப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸீல், 1961இல் அமெரிக்க வீடுகளுக்கான கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். அந்த வழியில் நம் வீடுகளுக்கு வந்திருப்பது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே துண்டிக்கும். 6 ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்கு.

அதற்கும் நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் இறங்கிய ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸினால் ஆர்.சி.சி.பி. விழும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்காமல் பக்கத்து லைனின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தாலும் விழும். எந்த அறை, எந்த ஒயர் என்று தேடினால் ஒரு நாள் வேலை. ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டால் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் முடித்தவரை வீட்டுக்காரர் கைராசிக்காரர் என்பார். நாள் முழுக்கத் தேடியவரிடம் கூலி பேரம் பேசுவார். இணைத்துவிட்ட பிறகும் ஆர்.சி.சி.பி. பெட்டிக்குள் அதே இடத்தில் இருக்கும், 'டி' என்று எழுதிய சோதனைப் பொத்தானோடு. அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லி மேலேயே எழுதியிருக்கிறது. அழுத்திப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்தப் பழக்கம் எம்.சி.பி.யோடு வந்ததல்ல. பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த காலத்தில், ஃபியூஸ் போனால் பழைய ஒயரிலிருந்து ஓர் இழையை உருவி முறுக்கிக் கட்டினோம். மறுபடி போனால் இரண்டு இழை. ஃபியூஸ் என்பது ஒயரைக் காக்க வந்தது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. அதன் அதிகாரத்தை நாம் நேரில் உணர்ந்த ஒரே சந்தர்ப்பம், பில் கட்டாததற்கு மின்வாரிய ஊழியர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனபோதுதான். வசூல் கருவியாக அறிமுகமான ஒன்றை உயிர் காக்கும் கருவியாக மதிக்க மக்களிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனாலும் இதை அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுங்க முடியவில்லை. காப்பு என்பது மறுப்பதற்கென்றே வாங்கும் பொருள். வீட்டில் மற்ற எல்லாப் பொருளும் சொன்னதைச் செய்ய வேண்டும். இது ஒன்று மட்டும் தக்க நேரத்தில் செய்ய மாட்டேன் என்று நிற்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை, எவ்வளவு குறைவாக மறுக்கிறது என்பதை வைத்தே நாம் தரம் பிரிக்கிறோம். தொந்தரவு தரும் பிரேக்கர் மட்டமானது, ஒருநாளும் விழாத பிரேக்கர் உயர்ந்தது. ஏதோ ஒரு சூட்டை, ஏதோ ஒரு ஈரத்தை அது பார்த்திருக்கிறது. அது சொன்ன செய்தியைக் கேட்காமல் சொன்னதற்காகத் தண்டிக்கிறோம்.

தண்டிப்பவரும் அனுபவிப்பவரும் ஒருவரே என்றால் இதில் ஒரு நேர்மையாவது இருக்கும். பெரிய எண்ணைப் பரிந்துரைத்த கடைக்காரர் வேறு தெருவில் தூங்குகிறார். மாட்டிய எலெக்ட்ரீஷியன் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். வீட்டைப் பார்க்காமலே ஒயரிங் முடிந்ததாகக் கையெழுத்து வந்துசேரும் வழக்கமும் நாட்டில் இல்லாமல் இல்லை. செலவைக் குறைத்த உரிமையாளர் வாடகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டில் இருக்கிறார். பூச்சுக்குள் என்ன ஒயர் இருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாத ஒருவர்தான், அட்வான்ஸ் கொடுத்து, அந்த லைனுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். ஆறேழு வருடம் கழித்து ஏதாவது நடந்தால், இத்தனை பேருடைய முடிவுகளும் சேர்ந்து ஒரே சொல்லாகிச் செய்தியில் வரும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று கேட்பதற்கு முன் அதில் என்ன ஒயர் என்று கேட்க வேண்டும்; தெரியாவிட்டால் ஒரு சுவிட்ச் பாக்ஸைத் திறந்தே பார்த்துவிடலாம். விளக்கு லைனுக்கு ஆறே போதும். விழுந்தால் முதலில் லோடைப் பார்க்க வேண்டும், பிறகு வகையை. எண்ணைக் கடைசியில் கூடத் தொடக் கூடாது. 12 வோல்ட் கிளைகளுக்கு அவை புறப்படும் இடத்திலேயே ஃபியூஸ். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

கூடவே இன்னொன்று. பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டி எழுதிவைக்க வேண்டும்: எந்த லைன், எந்த ஒயர், எத்தனை ஆம்பியர், என்றைக்கு மாற்றியது, மாற்றியவர் யார், மாற்றச் சொன்னவர் யார். ஒயரும் ஆம்பியரும் அடுத்து வரும் எலெக்ட்ரீஷியனுக்கு. பெயர்கள் வேறு ஒரு விசாரணைக்கு. தன் பெயரையும் எழுத வேண்டும் என்று தெரிந்தால், பலர் பழைய அளவையே போடச் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.